ஏலத்தில் வீடு கேட்கும்போது

சொந்த வீடு வாங்குவது நம்மில் பலருக்கு வாழ்நாளில் ஒரே முறை செய்யும் பெருஞ்செலவாகும். அவ்வீட்டை மற்றவரோடு போட்டியிட்டு ஏலத்தில் விலை கேட்டு வாங்கும் வழக்கம் இந்நாளில் நாடெங்கும் பரவியுள்ளது. கடனைத் திருப்பிச் செலுத்தாதவர் ஈடாக வைத்த சொத்தை, வழக்குமன்றம் செல்லாமலே வங்கி விற்றுக்கொள்வதற்கு 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் வழிசெய்தது. மும்பையில் ஓர் அடுக்குமாடி வீடு, பெங்களூரில் ஒரு தனி வீடு என்று ஏல அறிவிப்புகள் செய்தித்தாள்களில் வந்தவண்ணம் இருக்கின்றன. சந்தை விலையினும் குறைவாகக் கிடைக்குமே என்னும் ஆவல் எவருக்கும் எழுவது இயல்பே. அந்த ஆவலுடன் போட்டியில் இறங்குமுன் நாம் எண்ணிப் பார்க்க வேண்டுவன சில உண்டு.

முதலில் ஏலத்தின் முறையைக் காண்போம். வங்கி அங்கீகரித்த மதிப்பீட்டாளரைக் கொண்டு சொத்தை மதிப்பிட்டு, குறைந்தபட்ச ஏலத்தொகை ஒன்றை நிர்ணயிப்பார்கள். முதல் ஏலமாயின் 30 நாள் முன்னறிவிப்புத் தரவேண்டும். ஏலம் கேட்க விரும்புவோர் முன்வைப்புத் தொகை ஒன்றைக் கட்ட வேண்டும். பெரும்பாலும் அது குறைந்தபட்ச ஏலத்தொகையில் பத்தில் ஒரு பங்காக இருக்கும். குறித்த நாளில் இணையத்தின் வழியே ஒருவரை விஞ்சி ஒருவர் விலை கேட்பர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குறைந்தபட்ச ஏலத்தொகை 40 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 4 லட்சம் முன்வைப்பாகக் கட்டினோம். போட்டியில் 46 லட்சம் கேட்டு வென்றோம். வெற்றி கிட்டியவுடன் விலையில் நான்கில் ஒரு பங்கை, அதாவது 11 லட்சத்து 50 ஆயிரத்தை நிறைவு செய்தாக வேண்டும். முன்பே கட்டிய 4 லட்சம் போக, 7 லட்சத்து 50 ஆயிரத்தை அன்றோ அடுத்த வேலைநாளுக்குள்ளோ செலுத்த வேண்டும். எஞ்சிய 34 லட்சத்து 50 ஆயிரத்துக்கு உள்ள தவணை, விற்பனை உறுதிசெய்யப்பட்ட நாளிலிருந்து 15 நாட்களே. வங்கி எழுத்து மூலம் இசைந்தால் அத்தவணை நீளலாம். எனினும் மூன்று மாதத்தைத் தாண்டக் கூடாது.

தவணைக்குள் பணம் கட்டத் தவறினால் என்ன ஆகும்? கட்டிய நான்கில் ஒரு பங்கு முழுவதும் பறிபோகும். சொத்து மீண்டும் ஏலத்துக்கு வரும். இது வெறும் அச்சுறுத்தலன்று. ஏலம் எடுத்த ஒருவர், எதிர்பார்த்த கடன் கிடைக்காமையால் மீதியைக் கட்ட இயலாதவரானார். மறு ஏலத்தில் வங்கிக்கு முன்னைவிட அதிக விலையே கிடைத்தது. அப்படியிருந்தும், அவர் கட்டிய தொகையைப் பறிமுதல் செய்தது செல்லும் என்று உச்சநீதிமன்றம் 2024-ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. ஆகவே, வென்றபின் கடனுக்கு அலைவோம் என்று எண்ணுவது பெரும் பிழை. நமக்குக் கடன் தரும் நிறுவனத்தின் ஒப்புதலை முன்னரே பெற்றுக்கொள்வது தலையாய கடமையாகும்.

அடுத்து, நாம் வாங்குவது யாது என்பதை அறிய வேண்டும். 'உள்ளது உள்ளபடி' விற்கப்படும் என்று அறிவிப்பில் கண்டிருக்கும். வீடு வங்கியின் நேர் சுவாதீனத்தில் உள்ளதா, அன்றிக் காகித அளவிலான சுவாதீனம் மட்டுந்தானா என்று கேட்டறிய வேண்டும். பின்னதாயின், உள்ளே குடியிருப்போர் வெளியேறும்வரை நாம் வாடகை வீட்டிலேயே காத்திருக்க நேரும். வில்லங்கச் சான்று பெற வேண்டும். கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் வழக்கு உண்டா என்று வழக்கறிஞர் மூலம் பார்க்க வேண்டும். பழைய மின்கட்டணப் பாக்கியும் நம் தலையில் விழக்கூடும். விதிகள் இடந்தரின் அதைப் புதிய உரிமையாளரிடம் வசூலிக்கலாம் என்று 2023-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் கூறியுள்ளது.

இவற்றையெல்லாம் அறிந்த பின்னரே நம் விலையைத் தீர்மானிக்க வேண்டும். அதே தெருவில் அண்மையில் பதிவான விற்பனை விலை 50 லட்சம் என்று கொள்வோம். பழுதுபார்க்க 3 லட்சம், பழைய பாக்கிக்கு 1 லட்சம், குடிபுகும்வரை தரவேண்டிய வாடகைக்கும் வழக்குச் செலவுக்கும் 2 லட்சம் என்று கழித்தால் எஞ்சுவது 44 லட்சம். அதுவே நம் எல்லை. சற்றுமுன் 46 லட்சம் கேட்டு வென்றதாகக் கணக்கிட்டோமே, அந்த வெற்றி உண்மையில் 2 லட்சம் நட்டமன்றோ! முத்திரைத் தீர்வைக்கும் பதிவுக்கும் உரிய பணத்தைத் தனியே எடுத்துவைக்க வேண்டும் என்பதையும் மறத்தலாகாது.

அந்த எல்லையை ஏலத்துக்கு முதல் நாளே இல்லத்தாரோடு கலந்து ஒரு தாளில் எழுதி வைப்போமாக. பல ஏலங்களில் கடைசி ஐந்து நிமிடத்தில் ஒருவர் விலை கூட்டினால் நேரம் மேலும் ஐந்து நிமிடம் நீளும். இப்படி நீண்டுகொண்டே போகும்போது, 'இன்னும் பத்தாயிரந்தானே' என்று மனம் மயங்கும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்னும் பழமொழியை நினைவிற்கொண்டு, எழுதி வைத்த எல்லை வந்ததும் நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை.

ஏலத்தில் தோற்றவருக்கு முன்வைப்புத் தொகை திரும்பக் கிடைத்துவிடும். அவர் இழப்பது ஒரு வாய்ப்பை மட்டுமே. தகுதிக்கு மீறிக் கேட்டு வென்றவரோ, வீட்டையும் பெறாமல் சேமிப்பையும் இழக்க நேரலாம். நாம் கேட்கும் அந்த வீடு, தாங்க முடியாத கடனால் ஒரு குடும்பத்தின் கையைவிட்டுப் போனது என்பதையும் எண்ணிப் பார்ப்போமாக. அதே வழியில் நாமும் செல்லாதிருக்க, முதலில் நம் வரவை அளந்து, பின்னர் விலையைச் சொல்வோம்.