ஆய்வுக்குழுவை எடைபோடுவது எப்படி?

சென்ற பள்ளி விடுமுறையில் தோட்டத்துத் தகப்பனார் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். அவருடைய மகள் உயிரியலில் பட்டம் பெற்றிருக்கிறாள். மேற்படிப்புக்காகத் தம் ஆய்வுக்குழுவில் வந்து சேரும்படி பேராசிரியர் ஒருவர் அழைத்திருக்கிறாராம். “வாத்தியாரையா, நானே போய்ப் பார்த்தேன். புதுக் கட்டடம், குளிர்சாதனம், பளபளவென்று இயந்திரங்கள். நல்ல இடந்தானே?” என்று கேட்டார்.

நாம் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு மூன்று ஆண்டுகள் அந்தப் பெண் அங்கே உழைக்கவேண்டும். வீட்டுக்குச் சம்பளம் வராத ஆண்டுகள் அவை. கட்டடத்தைப் பார்த்துச் சொல்லிவிடக்கூடிய காரியமா?

ஆய்வுக்குழு என்பது ஒரு பேராசிரியரும், ஆய்வாளர்களும், மாணவர்களும், ஆய்வுக்கூட உதவியாளர்களும் சேர்ந்து ஒரு கேள்வியின்மேல் உழைப்பது. அதன் தரம் எதிலே தெரியும்? நம் நாட்டில் நடந்த ஒன்றைச் சொன்னால் விளங்கும். நடுவயதைக் கடந்த நேயர்களுக்கு நினைவிருக்கலாம்.

1998 செப்டம்பரில் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் காய்ச்சல் கண்டது. தலைவலி, மயக்கம், பின்பு நினைவு தப்பி மரணம். நோய் நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக் பகுதிக்கும் பரவியது. கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் கருதினார்கள். சில நோயாளிகளின் இரத்தத்தில் அதன் அடையாளமும் தென்பட்டதால், அந்த எண்ணத்தை மடமை என்று நாம் சொல்லமாட்டோம். ஊரெல்லாம் புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை.

பொருந்தாத சங்கதிகள் சில இருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைப் பிடிக்கும். இங்கே விழுந்தவர்கள் பெரியவர்கள். கொசு யாரையும் கடிக்கும். இந்த நோயோ பன்றியைத் தொட்டு வேலை செய்தவர்களையே பிடித்தது. ஊசி போட்டுக்கொண்டவர்களும் நோயில் விழுந்தார்கள். பன்றிகளும் இருமி இருமிச் செத்தன.

1999 மார்ச் தொடக்கத்தில், கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் என்பவர் வைரஸ் இயலில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தார். சுங்கை நீப்பா கிராமத்து நோயாளி ஒருவரின் முதுகுத்தண்டு நீரைக் குப்பியில் வளர்த்த உயிரணுக்களின்மேல் விட்டுப் பார்த்தார். சில நாட்களில் அந்த உயிரணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிது பெரிதாகத் திரண்டன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கிருமி அப்படிச் செய்வதில்லை.

இப்படி எதிர்பாராத ஒன்றைக் கண்டால், “எங்கோ அசுத்தம் கலந்துவிட்டது” என்று குப்பியைக் கழுவி வைத்துவிடலாம். மேலே உள்ளவர்கள் ஏற்கெனவே ஒரு முடிவில் இருக்கும்போது கழுவி வைப்பதுதான் சுலபம். சுவா கழுவவில்லை. தேவையான வசதி இங்கே போதாதென்று, மாதிரிகளை எடுத்துக்கொண்டு அமெரிக்காவில் ஃபோர்ட் காலின்ஸ் நகரிலுள்ள நோய்க்கட்டுப்பாட்டு ஆய்வுக்கூடத்துக்குப் போனார். அங்கே எலெக்ட்ரான் நுண்பெருக்காடியில் பார்த்தபோது, அது வேறு குடும்பத்துக் கிருமி என்று தெரிந்தது. 1994இல் ஆஸ்திரேலியாவில் குதிரைகளைக் கொன்ற ஹெண்ட்ரா கிருமிக்கு அது உறவு. கிராமத்தின் பெயரால் நிப்பா என்று பெயரிட்டார்கள். கவனம் கொசுவை விட்டுப் பன்றியின் பக்கம் திரும்பியது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன, நோய் ஓய்ந்தது. மலேசியாவில் 265 பேருக்கு நோய் கண்டு 105 பேர் மாண்டார்கள். பண்ணைகளில் கூலிக்குப் போன நம்மவர்களுக்கும் அந்த நோய் வந்தது.

வேலை அதோடு முடியவில்லை. இந்தக் கிருமி பன்றிக்கு எங்கிருந்து வந்தது? தியோமான் தீவில் பழந்தின்னி வௌவால்கள் அடையும் மரங்களின் அடியில் பிளாஸ்டிக் விரிப்புகளை விரித்து, விழுந்த சிறுநீரைச் சேகரித்தார்கள். அதிலே கிருமி அகப்பட்டது. 2002இல் அதை வெளியிட்டார்கள். வௌவால் மூத்திரத்துக்குக் காத்திருப்பதும் விஞ்ஞானந்தான், நேயர்களே! 2000ஆம் ஆண்டில் வெளிவந்த நிப்பா பற்றிய முக்கியமான கட்டுரையில் 20க்கும் மேற்பட்டோர் பெயர்கள் உண்டு. மலேசியர், சிங்கப்பூரர், அமெரிக்கர், ஆஸ்திரேலியர் எல்லாரும் இருக்கிறார்கள். முதற்பெயர் பேராசிரியருடையதன்று, குப்பியைப் பார்த்த சுவாவினுடையது.

பால்வெட்டுக்குப் போகிறவர்களுக்கு இது புதிதல்ல. பட்டை காய்ந்துபோன மரத்தை முதலில் காண்பவர் வெட்டுபவர்தான், கிராணியார் அல்லர். “இந்த மரத்தில் ஏதோ கோளாறு” என்று அவர் சொன்னால் தண்டல் காதுகொடுத்துக் கேட்கிறாரா, “நீ வெட்டுகிற வேலையைப் பார்” என்கிறாரா? ஆய்வுக்குழுவிலும் இதைத்தான் முதலில் பார்க்கவேண்டும் என்பது நம் எண்ணம். கட்டுரைகளை எண்ணிப் பார்ப்பதெல்லாம் பிறகு. எந்த இதழில் கட்டுரை வந்தது என்பதை மட்டும் வைத்து ஒருவரின் ஆராய்ச்சியை அளக்கக்கூடாது என்று 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய ஆய்விதழ்களின் ஆசிரியர்களும் பதிப்பாளர்களுமே அறிக்கை எழுதினார்கள்.

ஆகவே அந்தத் தகப்பனாரிடம், மகளை இன்னொரு முறை போய்வரச் சொன்னோம். பேராசிரியரிடம் அல்ல, அங்கே படிக்கிற மாணவர்களிடம் பேசவேண்டும். சோதனை தவறிப்போனால் அதையும் குறிப்பேட்டில் எழுதுகிறார்களா? வாரந்தோறும் கூடிப் பேசுகிறார்களா, அப்போது இளையவர் வாய் திறக்கிறாரா? உழைத்தவரின் பெயர் கட்டுரையில் வருகிறதா? முன்பு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள்? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படவேண்டாம் என்றும் சொல்லியனுப்பினோம்.

அவள் போய்வந்தாள். குறிப்பேடுகளைக் காட்டினார்களாம், ஒழுங்காக, தேதியிட்டு இருந்தனவாம். வாரக் கூட்டமும் உண்டாம். ஆனால் எத்தனை பேர் முடித்தார்கள் என்று கேட்டபோது அங்கிருந்த மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம். அந்தப் பெண் இப்போது இன்னொரு பல்கலைக்கழகத்துக் குழுவுக்கும் கடிதம் எழுதியிருக்கிறாள். அது சிறிய கட்டடம் என்று அவள் தகப்பனாருக்குக் கொஞ்சம் வருத்தம்.