விசர் என்று சொல்லுமுன்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இன்று ஒரு திரைப்படத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். படத்தைப் பற்றி என்பதைவிட, அதைப் பார்த்தவர்கள் சொன்ன அபிப்பிராயங்களைப் பற்றி என்பதே பொருத்தம்.

கடந்த பாடசாலை விடுமுறையின்போது, பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் பெறாமகன் வற்றாப்பளையிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். ஓரிரவு தன் மடிக்கணினியில் ‘ஷட்டர் ஐலண்ட்’ என்னும் ஆங்கிலப் படத்தைப் போட்டான். அயலிலுள்ள இளைஞர் மூவரும், என்னிடம் உயர்தர வகுப்பில் தமிழ் படிக்கும் மாணவி ஒருத்தியும், நானும், என் சின்னம்மாவும் இருந்து பார்த்தோம். சின்னம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. மாணவி பக்கத்தில் இருந்து கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மார்ட்டின் ஸ்கோர்செஸி இயக்கி 2010இல் வெளிவந்த படம் அது. கதை 1954இல் நடக்கிறது. கடல் சூழ்ந்த தீவொன்றில் மனநோய் வைத்தியசாலை. அங்கிருந்து காணாமற்போன பெண் நோயாளியைத் தேடி டெடி டானியல்ஸ் என்னும் அதிகாரி வருகிறார். இரண்டாம் உலகப்போரில், டக்காவ் வதைமுகாமில் பிணக்குவியல்களைக் கண்டவர் அவர். வைத்தியர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்று சந்தேகிக்கிறார். முடிவில் தலைமை வைத்தியர் அவருக்குச் சொல்வது இதுதான்: நீ அதிகாரி அல்லன், இரண்டு ஆண்டுகளாக இங்கேயே இருக்கும் நோயாளி. மனநோயுற்ற உன் மனைவி உங்கள் பிள்ளைகள் மூவரையும் நீரில் அமிழ்த்திக் கொன்றாள். நீ அவளைச் சுட்டாய். அதைத் தாங்கமாட்டாமல் வேறொரு கதையைக் கட்டி அதற்குள் வாழ்கிறாய்.

அந்தக் கதையை அவர் போக்கிலேயே நடித்துப் பார்க்கவிட்டுக் குணமாக்க வைத்தியர் முயல்கிறார். அது பலிக்காவிட்டால் மூளையில் சத்திரசிகிச்சை. ஒரு காலத்தில் உலகம் மெச்சிய சிகிச்சை அது. அதை வகுத்த போர்த்துக்கல் நாட்டு வைத்தியர் எகாஸ் மொனிஸுக்கு 1949இல் நோபல் பரிசும் கிடைத்தது. நோயாளியின் கொந்தளிப்பு அடங்கும். பலருக்கு அவர்களுடைய சுயமும் அதோடு போய்விடும்.

படம் முடிந்ததும் முற்றத்தில் பெரிய வழக்காடுமன்றமே கூடிவிட்டது. “அவன் உண்மையான அதிகாரிதான், மருந்து கொடுத்து விசராக்கிப்போட்டாங்கள்” என்றனர் இளைஞர் இருவர். “இல்லை, ஆரம்பத்திலிருந்தே நோயாளிதான், கடைசியில் வருத்தம் திரும்பிவிட்டது” என்றான் மூன்றாமவன். பெறாமகன் இருவரையும் மறுத்தான். இறுதிக் காட்சியில் அந்த மனிதன் ஒரு கேள்வி கேட்கிறான். அதிலிருந்து, தெளிவு வந்த பின்பும் நினைவோடு வாழ விரும்பாமல் தானாகவே சத்திரசிகிச்சைக்குப் போகிறான் என்று தெரிகிறது என்பது அவன் கட்சி. டெனிஸ் லெஹேன் 2003இல் வெளியிட்ட மூலநாவலில் அந்தக் கேள்வி இல்லை. படத்துக்கெனச் சேர்த்த அந்த ஒரு வசனமே உலகெங்கும் பார்த்தவர்களைப் பிரித்து வைத்தது போல எங்கள் முற்றத்தையும் பிரித்து வைத்தது.

நானும் இலக்கிய ஆசிரியனுக்குரிய தோரணையில், கதைசொல்லியை நம்பலாமா கூடாதா என்று ஏதோ விளக்கினேன். அப்போதுதான் சின்னம்மா வாய் திறந்தார்.

“உவன் விசரனோ இல்லையோ எண்டு அடிபடுறியள். உவனுக்கு என்ன நடந்ததெண்டு ஒருத்தரும் கதைக்கேல்லையே, தம்பி?”

நேயர்களே, அந்தக் கேள்வி என்னை ஏன் சுட்டது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

சின்னம்மாவிடம் ஒரு பை உண்டு. தோளில் கொழுவும் பழைய பை. அடையாள அட்டை, காணி உறுதி, பிள்ளைகளின் சான்றிதழ்கள், ஒரு சேலை, ஒரு டோர்ச் லைற். ஒவ்வோர் இரவும் அதைச் சரிபார்த்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுப்பார். போர் முடிந்து இத்தனை ஆண்டுகளாகியும் அந்த வழக்கம் நிற்கவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன், வைகாசிப் பொங்கலுக்கு வீடு துப்புரவாக்கியபோது, “இதென்ன விசர் வேலை, சின்னம்மா” என்று சொல்லிக் கடதாசிகளை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் பையைத் தூக்கிப் பரணில் எறிந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று இரவுகள் படுக்காமல் வாசலோரம் குந்தியிருந்தார். நான்காம் நாள் நானே பையை இறக்கிக் கொடுத்தேன். ஏன் என்று மட்டும் அன்றும் கேட்கவில்லை.

படம் பார்த்த அன்றிரவுதான் கேட்டேன். 2009 ஏப்ரலில் மாத்தளனில், பதுங்குகுழியிலிருந்து வெளியே ஓடியபோது பை மண்ணுக்குள் விடுபட்டுப்போயிற்று. என் தங்கை முறையான அவருடைய இளைய மகளும் அன்று அங்கேயே போய்விட்டாள். இறப்பை நான் அறிவேன். அக்காலத்தில் வவுனியாவில் படிப்பித்துக்கொண்டிருந்த நான் அறியாதது பையின் கதை. பின்னர் மகளின் மரணச் சான்றிதழுக்காக ஏறி இறங்கிய இடமெல்லாம் முதலில் கேட்டது பிறப்புச் சான்றிதழைத்தானாம். “பிறந்ததுக்கும் துண்டு இல்லை, செத்ததுக்கும் துண்டு இல்லை. அப்ப என்ர பிள்ளை இருக்கவே இல்லையோ, தம்பி?” என்றார். விசர் வேலை என்று நான் பரணில் எறிந்தது அதைத்தான்.

தமிழ்ப் படங்களுக்கும் இந்த வகைக் கதை புதிதன்று. 2001 நவம்பரில் கமல்ஹாசனின் ‘ஆளவந்தான்’ வெளிவந்தது. மனநோய் வைத்தியசாலையிலிருந்து தப்பிவரும் நந்து என்ற கொலையாளி. அவன் சிறுவயதில் சிற்றன்னையிடம் பட்ட கொடுமையையும் படம் காட்டியது. எனினும் பார்த்தவர்களின் பேச்செல்லாம் மொட்டைத் தலையையும் வன்முறைக் காட்சிகளையும் சுற்றியே இருந்தது. அதே ஆண்டு ஓகஸ்ட் 6ஆம் திகதி இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளர் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர். திரையிலே மனநோயாளியைக் கண்டு நாம் அஞ்சுகிறோம். ஏர்வாடியில் சங்கிலி யாருடைய காலில் கிடந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

எங்கள் நாட்டிலும் அங்கொடை என்ற ஊர்ப்பெயர் ஏச்சாகிவிட்டது. 1926இல் அங்கே தொடங்கிய வைத்தியசாலை இன்று தேசிய மனநல நிறுவகம் என்று பெயர் பெற்றிருக்கிறது. எங்கள் வாய்தான் மாறவில்லை. ‘ஷட்டர் ஐலண்ட்’ வெளிவந்த அதே 2010இல், உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னி மக்களின் கூட்டு மனவடுவைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். தனி மனிதர் மட்டுமன்றிக் குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்பட்டிருக்கின்றன என்பது அதன் சாரம். அந்த ஊர்களுள் எங்களுடையதும் ஒன்று.

வற்றாப்பளை கண்ணகி அம்மன் குடிகொண்ட ஊர். கடல்நீரில் விளக்கெரித்துப் பொங்கும் சந்நிதி. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை நான் ஆண்டுதோறும் படிப்பிக்கிறேன். விரித்த கூந்தலும் கையில் ஒற்றைச் சிலம்புமாக வந்து நின்றவளைக் கண்ட வாயிற்காவலன், கொற்றவையோ காளியோ என்று அஞ்சும்படி அவளை அரசனுக்கு வருணிக்கிறான். ஆனால் பாண்டியன் அவளை நேரிலே கண்டதும் அவள் கண்ணீரைக் குறிப்பிட்டு, நீ யார் என்று கேட்கிறான். கோவலன் வழக்கில் ஆராயாமல் தவறிழைத்தவன்தான். இந்த இடத்தில் கேட்டான். கேட்டதனால்தான் அவள் தன் கதையைச் சொன்னாள், உண்மை வெளிவந்தது. இத்தனை ஆண்டுகள் இந்தப் பகுதியைப் படிப்பித்த நான், என் வீட்டில் வாயிற்காவலனாகவே இருந்திருக்கிறேன்.

அந்தப் படம் நல்ல படம்; பாருங்கள். டெடி நோயாளியா, அதிகாரியா என்று விவாதியுங்கள், அதில் பிழையில்லை. ஆனால் உங்கள் வீட்டிலோ அயலிலோ ஒருவர் இரவில் உறங்காமல் இருந்தால், தனியே கதைத்துக்கொண்டிருந்தால், பெயர் வைக்குமுன் பக்கத்தில் இருந்து என்ன நடந்தது என்று கேளுங்கள். தேவையானால் உளமருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

சின்னம்மாவின் பை இப்போதும் தலைமாட்டில்தான் இருக்கிறது. போன மாதம் டோர்ச் லைற்றுக்குப் புதிய பற்றறி நான்தான் வாங்கிப் போட்டேன்.