சிறுவர்க்கு வெளிக்கலை

சித்திரம் பயில வர்ணப் பெட்டியும் காகிதமும் விலைக்கு வாங்கியாக வேண்டுமென்பது பலருடைய எண்ணம். நத்தம் வட்டாரத்துக் குழந்தைகளுக்கு அச்செலவு அவசியமன்று. செம்மண், அடுப்புக்கரி, சுண்ணாம்பு, மஞ்சள் ஆகியவை எளிதிற் கிடைப்பன. மஞ்சளுடன் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும். செம்பரத்தம்பூச் சாற்றில் புளிக்கரைசல் விட்டால் செந்நிறம் மிகும். சுண்ணாம்புத் தெளிவு விட்டால் பச்சையாகும். இதனைக் காணும் குழந்தை, புளிப்புக்கும் காரத்துக்கும் உள்ள பேதத்தை ஏடின்றியே அறிகின்றது.

மாந்தோப்பிலும் புளியமரத்தடியிலும் உதிர்ந்த இலை, பூ, காய் இவற்றைப் பொறுக்கித் தரையில் கோலமாக அடுக்கலாம். பனையோலையில் காற்றாடியும், கண்மாய்க் களிமண்ணில் மாடு, வண்டி முதலியனவும் செய்யலாம். மரத்திலுள்ள பூவைப் பறித்தல் கூடாது. மாம்பூ குறைந்தால் மகசூலும் குறையும். எருக்கம்பால் கண்ணுக்குக் கேடு. அரளியும் ஊமத்தையும் விஷம். ஆகையால் பெரியவர் ஒருவர் உடனிருத்தல் வேண்டும்.

இம்முறைக்கு முன்மாதிரிகள் உண்டு. 1901-ல் தாகூர் சாந்திநிகேதனத்தில் தொடங்கிய பள்ளியில் மரநிழலே வகுப்பறையாயிற்று. 1937-ல் வகுக்கப்பட்ட வார்தாக் கல்வித் திட்டம், கைத்தொழிலை நடுவாக வைத்துச் சித்திரத்தையும் பாடமாக்கியது. காந்தியடிகளின் நிர்மாணத் திட்டத்தைத் தழுவி, 1947-ல் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமம் தோன்றிற்று.

மரத்தை ஏட்டில் மட்டுமே கண்டு வளரும் பிள்ளை, நாளை தோப்பை விற்கத் தயங்கமாட்டான். ஆதலின் சங்கத்து முற்றத்தை வாரம் ஒரு மாலை குழந்தைகளுக்கு ஒதுக்குவீர்களாக. இதற்குச் சங்க நிதியில் ஒரு காசும் வேண்டுவதில்லை.