ஒரே திசையில் இரண்டு கம்பிகள்



உங்கள் வீட்டுச் சுவரில் 5 ஆம்பியர் பிளக் ஒன்றும், ஃபிரிட்ஜுக்கென்று 15 ஆம்பியர் பிளக் ஒன்றும் இருக்கும். அந்த ஆம்பியர் என்பது ஓர் ஆளின் பெயர். பிரான்சு நாட்டின் லியோன் நகரில் 1775இல் பிறந்த ஆந்த்ரே மரி ஆம்பியர், நம்மைப் போல ஒரு கத்தோலிக்கர். புரட்சிக் காலத்தில், தம் 18ஆம் வயதில், தந்தையைக் கில்லட்டினுக்குப் பறிகொடுத்தார். திருமணமான நான்கு ஆண்டுகளுக்குள் மனைவியையும் இழந்தார். இடையில் விசுவாசம் ஆட்டம் கண்டது. பிறகு திரும்பி வந்தது.

மின்சாரம் வேறு, காந்தம் வேறு என்றுதான் அறிஞர்கள் வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். 1820இல் டென்மார்க்கில் எர்ஸ்டெட் என்பவர், மின்சாரம் பாயும் கம்பியின் அருகே திசைகாட்டி முள் திரும்புவதைக் கண்டார். செப்டம்பரில் பாரிசில் அதைச் செய்து காட்டியபோது ஆம்பியரும் பார்த்தார். கம்பி காந்தத்தைப்போல நடந்துகொள்கிறது என்றால், காந்தமே இல்லாமல் இரண்டு கம்பிகளை அருகருகே வைத்தால் என்ன ஆகும்? அந்த மாதம் முடிவதற்குள் விடை கண்டுவிட்டார். இரண்டிலும் மின்சாரம் ஒரே திசையில் ஓடினால் கம்பிகள் ஒன்றையொன்று இழுக்கின்றன. எதிரெதிர்த் திசையில் ஓடினால் தள்ளுகின்றன. நிறுத்திவிட்டால் இழுப்பும் இல்லை, தள்ளலும் இல்லை. இடைவெளி இருமடங்கானால் விசை பாதியாகும். 2019 வரை ஆம்பியர் என்ற அளவையே, 1 மீட்டர் இடைவெளியில் உள்ள இரு கம்பிகளுக்கு இடையிலான இந்த விசையை வைத்துத்தான் வரையறுத்திருந்தார்கள்.

ஒரே வகை மின்னேற்றம் கொண்ட இரண்டு பொருள்கள் அசையாமல் நின்றால் ஒன்றையொன்று தள்ளும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். ஆனால் ஒரே திசையில் ஓடும் மின்னோட்டங்களோ இழுக்கின்றன!

நம் பங்குகளைப் பாருங்கள். ஒரே ஊர், ஒரே உறவு, ஒரே திருவிருந்து. ஆனாலும் திருவிழாக் கணக்கில் தொடங்கி, கொடியேற்றத்தில் யார் முன்னால் நிற்பது என்பதில் முற்றி, அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று ஆண்டுக்கணக்காகிறது. சமாதானக் கூட்டம் என்று எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார வைக்கிறோம். பல கூட்டங்கள் புதிய சண்டையோடுதான் கலைகின்றன. ஆண்டவர் இயேசு சீடர்களை உட்கார வைத்துப் போதித்ததோடு விடவில்லை; இருவர் இருவராக ஊர்களுக்கு அனுப்பினார். (உவமையை இதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும்; மனிதர் கம்பிகள் அல்லர்.)

1831இல் லியோனிலிருந்து சட்டம் படிக்கப் பாரிசு வந்த 18 வயது இளைஞர் பிரெடரிக் ஓசானாமுக்கு, ஆம்பியர் தம் வீட்டில் இடம் கொடுத்தார். அத்தனை பெரிய அறிஞர் கோவிலில் முழந்தாளிட்டுச் செபிப்பது அந்த மாணவர் மனத்தில் பதிந்தது. ஓசானாமும் நண்பர்களும் திருச்சபைக்காக விவாதக் கூட்டங்களில் நன்றாகவே வாதாடினார்கள். ஒருநாள் எதிரணியில் ஒருவர், பழைய பெருமை இருக்கட்டும், இன்று ஏழைகளுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்ற பொருளில் கேட்டுவிட்டார். அதற்கு வாதத்தால் பதில் சொல்ல முடியவில்லை. 1833 ஏப்ரல் 23, ஓசானாமின் 20ஆம் பிறந்தநாள். அன்று ஒரு சிலர் கூடித் தொடங்கியதுதான் இன்று நம் பங்குகளில் உள்ள வின்சென்ட் தே பவுல் சபை. அருள்சகோதரி ரோசலி அவர்களுக்கு ஏழைகளின் வீடுகளைக் காட்டினார். வீடு சந்திக்க இருவராகப் போவது அச்சபையின் வழக்கம். 1997இல் ஓசானாம் அருளாளராக உயர்த்தப்பட்டார்.

உங்களோடு பேசாமல் இருக்கிறாரே ஒருவர், அவரை இந்த வாரம் பஞ்சாயத்துக்கு அழைக்க வேண்டாம். மன்னிப்பு தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. முதலில் கால்கள் ஒரே பக்கம் நடக்கட்டும். உங்கள் தெருவில் படுக்கையில் கிடக்கும் ஒரு முதியவரைப் பார்க்கப் போகலாம், ஞாயிறு மாலை கூட வருவீர்களா என்று மட்டும் கேளுங்கள். வழியில் பழைய கணக்கைப் பேசாதீர்கள். அரிசிப் பையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்ளுங்கள்.