உந்துபொறிக்கு வரும் ஆவியடைப்பு



ஓடும் மகிழுந்து இடைவழியில் நின்றுவிடுகிறது. சற்று ஆறவிட்டால் கிளம்புகிறது. சிறிது ஓடி மீண்டும் நிற்கிறது. 2014இல் ஆக்கம் நின்ற அம்பாசடர் போன்ற பழைய ஊர்திகளுக்குக் கோடையில் வரும் நோய் இது.

தேர்ந்த பொறிவினைஞர் எடுத்த எடுப்பில் உறுப்புகளை மாற்றார். உந்துபொறிக்குத் தீப்பொறி, காற்று, பெட்ரோல் எனப்படும் கன்னெய் ஆகிய மூன்றும் வேண்டும். எது குறைந்தது எனத் தேடுவார். பிளக் என வழங்கும் செருகியில் தீப்பொறி தெறித்தால் மின்னோட்டத்தில் குறையில்லை. வடிகட்டி அடைபடாதிருந்தால் காற்றிலும் குறையில்லை. எஞ்சுவது கன்னெய். சூடேறிய குழாயில் அது ஆவியாகிறது. நீர்மத்தை இறைக்க அமைந்த இறைப்பி ஆவியை இறைக்க மாட்டாது. கன்னெய் வாராமையால் உந்துபொறி அணைகிறது. ஆறியதும் ஆவி நீர்மமாகிறது, வண்டி கிளம்புகிறது.

இறைப்பியின்மேல் ஈரத்துணி சுற்றிக் குளிர்வித்தல் அப்போதைக்கு மருந்து. கன்னெய்க் குழாயைப் புகைபோக்கியின் வெப்பம் தாக்காவண்ணம் விலக்கி அமைத்தலே நோயின் வேரை அறுப்பது. திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவர்க்கு வகுத்த நெறியும் இஃதே.

இவ்வளவும் சொல்லத் தமிழ் எங்கே தடுமாறிற்று? 'வேப்பர் லாக்' எனக் கேட்கும் மாணவன் அதனை உருப்போடுவான். 'ஆவியடைப்பு' எனக் கேட்பவனோ நோயையும் அதன் கரணியத்தையும் ஒருங்கே உணர்வான். பணிமனையில் தொழில் பயிலும் தமிழ் இளைஞனுக்குத் தாய்மொழிச் சொல் அணிகலன் அன்று, கைக்கருவி. அக்கருவியை அவன் கையில் கொடுப்பது தமிழறிந்தார் கடன்.