குதிரைக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது

(நம் சங்கத்தின் குடியரசு தின விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு என்ன வகுப்பு வைக்கலாம் என்று செயற்குழுவில் பேச்சு வந்தது. வகுப்பு வேண்டாம், பொறுப்பு கொடுப்போம் என்றேன் நான். ஏன் என்று சொல்லத்தான் இந்த ஐந்து நிமிடம்.

வங்கியில் நான் கவுண்டரில் இருந்தபோது, பட்டம் முடித்த பிள்ளைகள் அப்பாவோடு வருவார்கள். செலானை அப்பா நிரப்புவார். பிள்ளை கையெழுத்து மட்டும் போடும். அந்தப் பிள்ளைகளுக்கு அறிவு குறைவில்லை. யாரும் அவர்களைச் செய்ய விட்டதில்லை, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு பழைய வழி உண்டு. 1902-இல் ஒஹையோ மாநிலத்தில் ஏ. பி. கிரகாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் சிறுவர் சிறுமியரைச் சேர்த்து ஒரு மன்றம் தொடங்கினார். மக்காச்சோளம், காய்கறி பயிரிடுவதும் மண்ணைச் சோதிப்பதும்தான் வேலை. அப்படிப்பட்ட மன்றங்கள் பெருகி ‘ஃபோர் ஹெச்’ என்ற பெரிய இயக்கமாயின. தலை, இதயம், கை, உடல்நலம் என்ற நான்குக்கும் ஆங்கிலத்தில் முதல் எழுத்து ‘ஹெச்’. அதனால் அந்தப் பெயர். செய்து கற்பதே அவர்கள் கொள்கை.

அதில் குதிரை வளர்ப்பும் ஒரு பிரிவு. உடனே சவாரி என்று நினைக்காதீர்கள். லத்தி அள்ளுவதும் அதில் சேர்த்திதான். 500 கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளில் சுமார் 8 முதல் 10 கிலோ காய்ந்த புல் தின்னும்; 20 முதல் 40 லிட்டர் தண்ணீர் குடிக்கும். குளம்பில் சிக்கிய கல்லையும் மண்ணையும் தினமும் எடுக்க வேண்டும். பரீட்சை, ஞாயிற்றுக்கிழமை எதுவும் அதற்குத் தெரியாது. நேர் பின்னால் நிற்பவரை அதன் கண்ணுக்குத் தெரியாது. சத்தமில்லாமல் போனால் உதைத்துவிடும். நாம் பதறினால் அதுவும் பதறும். பொறுமையைப் பற்றி யாரும் தனியாக உபதேசம் செய்ய வேண்டியதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது அவர்களுடைய கணக்கு நோட்டு. தீவனம், வைத்தியம் என்று எல்லாச் செலவையும் பிள்ளையே எழுத வேண்டும். ஆடோ கன்றோ வளர்த்தவர்கள் கண்காட்சியில் விற்றால் அது வரவு. விற்கிற நாளில் அழுகிற பிள்ளைகளும் உண்டு. நஷ்டம் வந்தால் நஷ்டம் என்றே எழுத வேண்டும்.

சொந்தக் குதிரை இல்லாத பிள்ளைகளுக்காக ‘குதிரை இல்லாத குதிரைத் திட்டம்’ என்றே ஒன்று வைத்திருக்கிறார்கள். ஆகவே நம்மிடம் குதிரை இல்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குக் கிழக்கே வெயில் படும் இடம் சும்மா கிடக்கிறது. பிள்ளைக்கு ஒரு குரோ பேக், ஒரு நோட்டு கொடுப்போம். வெண்டையோ கத்தரியோ போடட்டும். விதை, மண், உரச் செலவை எழுதட்டும். காய்த்ததை நமக்கே விற்கட்டும்.

பெற்றோருக்கு ஒரே வேண்டுகோள்: நீங்கள் போய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். செடி வாடுவதைப் பார்த்தால் மனசு கேட்காது, எனக்குத் தெரியும். என் மகனின் முதல் செலானை நிரப்பியதும் நான்தான். அவன் வேலைக்குச் சேர்ந்து வெளியூர் போன பிறகு, ஒவ்வொரு படிவத்துக்கும் எனக்கு போன் செய்தான். அது அவன் தவறில்லை.

செடி வாடினால், அதையும் பிள்ளை தன் நோட்டில் எழுதட்டும். அடுத்த விதையைத் தானே போடும்.

விருப்பமுள்ளவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். பெயரைப் பிள்ளைகளே வந்து எழுதட்டும்.