நவரசமும் ஒரு சட்டமும்

இலங்கையின் மன்னாரில் சிலாவத்துறை என்றதும் முத்துக்குளிப்பு நினைவுக்கு வரும். அந்த ஊர்ப்பக்கத்துக் கவிஞர் ஒருவரின் வழக்கைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

அஹ்னாப் ஜஸீம், ஆசிரியர். 2017இல் 'நவரசம்' என்ற கவிதைத் தொகுப்பை வெளியிட்டார். 2020 மே 16ஆம் திகதி அவரைக் கைது செய்தார்கள். தீவிரவாதத்தைப் பரப்பும் நூல் என்பது குற்றச்சாட்டு. வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகளும் அதே நூலில்தான் இருக்கின்றன. வாசித்துவிட்டுத்தான் கைது செய்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

நமது அரசியலமைப்பின் 14ஆவது உறுப்புரை பேச்சுரிமையைத் தருகிறது. ஆனால் அவரைக் கைது செய்யப் பயன்பட்ட, 1979இல் தற்காலிகம் என்று வந்து, 1982இல் நிரந்தரமாகிவிட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் இருக்கிறதே, அதன்படி ஒருவரை வழக்குத் தொடராமலேயே 18 மாதம் தடுத்துவைக்க முடிந்தது. 2022 திருத்தத்தில்தான் அது 12 மாதமாகக் குறைந்தது. சாதாரண நீதவானிடம் பிணையும் கிடைக்காது.

அஹ்னாபுக்குப் பிணை கிடைத்தபோது 2021 டிசம்பர். வழக்கு மேலும் இரண்டு வருடம் இழுபட்டது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

சிங்களத்தில் ஒரு சிறுகதை எழுதியதற்காக எழுத்தாளர் சக்திக சத்குமாரவும் 2019இல் நான்கு மாதம் சிறையில் இருந்தார். அவரைப் பிடித்ததோ மனித உரிமைக்கென்றே இயற்றிய ஐசிசிபிஆர் (சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தில்! 2024இல் இணையப் பேச்சைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்து சேர்ந்திருக்கிறது.